மாறக்கூடாத வருத்தம்

றஞ்சிதமக்காவுக்குச் சயரோகம் என்று கிளினிக்கில் சொன்ன மாதம்தான் அவருடைய வீட்டில் தாயும் மகளும் முதன்முதலாக ஆளுக்கொரு முழு முட்டை சாப்பிட்டார்கள். அதற்கு முந்திய ஐந்து வருடமும் ஒரு முட்டையை அவித்து நூலால் இரண்டாக வெட்டுவதுதான் வழக்கம். பெரிய பாதி மகள் றெஜினாவுக்கு.

இதை அவர் எனக்குச் சொன்னது 1998இல், கொழும்பு வெள்ளவத்தையில். கனடா விசாவை எதிர்பார்த்து நான் அங்கே ஒரு வீட்டு மாடியில் பத்து மாதம் இருந்தேன். என்னைப் போல இன்னும் ஒன்பது பேர். எங்களுக்குச் சமைப்பதற்காகக் கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருகிறவர் றஞ்சிதமக்கா. பொலிஸ் பதிவையும் தூதரகக் கடிதத்தையும் தவிர எனக்கு வேறு கவலையில்லை, வேலையும் இல்லை. குசினி வாசலில் இருந்து தேங்காய் துருவிக் கொடுப்பேன். அவருக்கு வலது காது கேட்காது. கதைப்பதென்றால் இடது பக்கமாக இருக்க வேண்டும். அந்தக் காதுக்கு என்ன நடந்தது என்று ஒருநாள் கேட்டேன். பதில் முடிய நாலைந்து காலைகள் எடுத்தன.

அவருடைய கணவர் ஹியூபேட் துறைமுகத்தில் நாட்கூலி. 1990இல் கப்பலின் அடித்தட்டில் நின்றபோது மூட்டைகள் சரிந்து அவர்மேல் விழுந்ததில் இறந்துபோனார். நாட்கூலிக்காரர் என்பதால் எவரும் பொறுப்பெடுக்கவில்லை. அப்போது றஞ்சிதமக்காவுக்கு முப்பத்தாறு வயது, றெஜினாவுக்குப் பத்து. கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் குடியிருந்தார்கள். கொழும்பில் தோட்டம் என்றால் மரம் செடி அல்ல. ஒரே சுவரில் ஒட்டிய இருபத்திரண்டு அறைகள், இரண்டு தண்ணீர்ப் பைப், மூன்று கக்கூஸ்.

றஞ்சிதமக்கா புறக்கோட்டையில் காய்ந்த செத்தல் மிளகாய்க் கிடங்கொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். காம்பு கிள்ளி, வெளுத்ததை வேறாக்கி, நல்லதைச் சாக்கில் போட வேண்டும். எத்தனை சாக்கோ அத்தனைக்குக் கூலி. மிளகாய் வராத நாளில் கூலியும் வராது. அப்படி மூன்று கிழமை வேலை இல்லாமல் இருந்த ஒரு தருணத்தில்தான் அரசாங்க உதவிப்பணம் கேட்டுப் போனார். சனங்கள் அதைப் பிச்சைச் சம்பளம் என்பார்கள்.

அரசாங்கக் கந்தோர் மேசையில் இருந்தவர் ஒஸ்வால்ட். சமூக சேவை உத்தியோகத்தர். வெள்ளைக் கட்டைக்கைச் சட்டை போட்ட, மெதுவாகக் கதைக்கிற மனிதர். விண்ணப்பப் போமை இரண்டு தரம் வாசித்தார்.

"வயசு போனவங்களுக்கு இதில இடம் இருக்கு. கண் தெரியாதவங்களுக்கு இருக்கு. நடக்கேலாதவங்களுக்கு இருக்கு. நீங்க நல்லா இருக்கிறீங்க அக்கா. அதுதான் கரைச்சல்."

"நல்லா இருந்தாப் பசிக்காதா சேர்?" என்று கேட்டாராம் றஞ்சிதமக்கா.

ஒஸ்வால்ட் பேனையை மூடினார். போமை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

1995 தொடக்கத்தில் இருமல் வந்தது. மிளகாய்க் கிடங்கில் எல்லோரும்தான் இருமுவார்கள், அதனால் அது ஒரு வருத்தமாகவே, அதாவது நோயாகவே, தெரியவில்லை. பின்னேரங்களில் காய்ச்சல், இரவில் வியர்வை. சட்டை தோளில் நிற்காமல் சரியத் தொடங்கியது. ஏப்ரலில் ஒருநாள் துப்பியதில் இரத்தம் இருந்தது. மிளகாய்த் தூசிதான் சிவப்பு என்று தன்னையே ஏமாற்றிப் பார்த்தார். றெஜினா விடவில்லை. கையைப் பிடித்து நெஞ்சுக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே மருந்து கொடுப்பவர் நேசம் மிஸி. எங்கள் ஊர்களில் தாதிமாரை மிஸி என்றுதான் கூப்பிடுவது. கண்ணாடி போட்ட, கொஞ்சம் சத்தமாகப் பேசுகிற பெண். சளிப் பரிசோதனை முடிவு எழுதிய துண்டைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க. இப்ப இது மாறுற வருத்தம். ஆறு மாசம் ஒரு நாளும் விடாமல் மருந்துக் குளிசை எடுக்கோணும், அவ்வளவுதான்" என்றார். "இந்தத் துண்டைக் கொண்டு சமூக சேவைக் கந்தோருக்குப் போங்க. டீபிக்காரருக்கு மாசா மாசம் உதவிப்பணம் இருக்கு. நல்லாச் சாப்பிடோணும் நீங்க."

அதே ஒஸ்வால்ட், அதே மேசை. துண்டை வாசித்தவுடன் அவருடைய முகம் மலர்ந்தது. "இப்ப இடம் இருக்கு அக்கா, இப்ப இருக்கு!" என்று பேனையைத் திறந்தார். திறந்த பிறகுதான் தான் எதற்காகச் சந்தோசப்பட்டோம் என்று அவருக்கே விளங்கியது. மூடியைப் பேனையின் பின்பக்கத்தில் போட்டுக்கொண்டு, தலை குனிந்தபடி போம் முழுவதையும் தானே நிரப்பினார்.

பணம் பெரிதல்ல. ஆனால் மாதம் தவறாமல் வந்தது. மிளகாய் வந்தாலும் வராவிட்டாலும், முதலாளி முகம் எப்படி இருந்தாலும், வந்தது. பால்மா வாங்கினார்கள். முட்டை வாங்கினார்கள். றெஜினாவின் பள்ளிக்கூடச் சப்பாத்தின் கிழிந்த அடிக்குப் பதிலாகப் புதுச் சப்பாத்தே வந்தது. குளிசை எடுத்ததும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், வயிற்றைப் பிரட்டும். அதைத் தவிர றஞ்சிதமக்காவுக்கு அந்த மாதங்கள், சொல்ல வெட்கமாக இருந்தாலும், நல்ல மாதங்கள். கன்னம் ஊதியது. பகலில் கட்டிலில் படுத்து, மகள் பாடம் படிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படிப் படுத்திருக்க அவருக்கு வாழ்க்கையில் நேரம் கிடைத்ததே இல்லை.

கையைச் சும்மா வைத்திருக்கவும் முடியவில்லை. பழைய பேப்பர் வாங்கிக் கடைகளுக்கு உறை ஒட்டத் தொடங்கினார். ஒரு நாள் ஒஸ்வால்ட் வீடு பார்க்க வந்தார். உதவிப்பணம் எடுப்பவருக்கு வேறு வருமானம் இருக்கக் கூடாது. இருந்தால் வெட்ட வேண்டும். றெஜினா உறைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். பசைக் கிண்ணம் மட்டும் அடுப்புப் பக்கத்தில் அகப்பட்டுவிட்டது.

ஒஸ்வால்ட் கிண்ணத்தைப் பார்த்தார். "பிள்ளைக்கு ஸ்கூல் வேலைக்குக் காய்ச்சின பசையோ?"

"ஓம் சேர்" என்றாள் றெஜினா.

அவர் எழுதிக்கொண்டார். வெளியே போகும்போது றஞ்சிதமக்காவிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார்: "அடுத்த முறை வேற ஒராள் வருவார் அக்கா. அவருக்குப் பசை மணக்கும்."

அன்றோடு உறை ஒட்டுவதை விட்டார். செய்யக்கூடிய சின்ன வேலையையும் செய்யாமல் இருப்பதற்கு அவர் அப்படித்தான் பழகினார்.

இரண்டாம் மாதச் சோதனையில் சளியில் கிருமி இல்லை. "பாத்தீங்களா!" என்று நேசம் மிஸி கையைத் தட்டினார். "அஞ்சாம் மாசம் இன்னொருக்கா பாப்பம். அதிலயும் இல்லையெண்டா ஆறாம் மாசத்தோட நீங்க சுகம். குளிசையும் இல்ல, கிளினிக்கும் இல்ல."

உதவிப்பணமும் இல்லை. மிஸி அதைச் சொல்லவில்லை. றஞ்சிதமக்கா நடந்து வரும்போது தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்த நாளே மிளகாய்க் கிடங்குக்குப் போனார். கணக்கப்பிள்ளை யோகநாதன் கெட்டவரல்ல. வாசலுக்கு வந்து, சுகம் விசாரித்து, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். ஆனால் உள்ளே வரச் சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்த கிளாசைப் பையன் எடுக்க வந்தபோது, அதைத் தனியாக வைக்கும்படி கண்ணால் காட்டினார். றஞ்சிதமக்கா அதைக் கண்டார்.

"மிஸி இப்ப கிருமி இல்லையெண்டு சொல்லிட்டா. துண்டும் இருக்கு."

"நான் நம்புறன் தங்கச்சி. சாமான் வாங்குற சனம் நம்பாதே. டீபி வந்த ஆள் கிளறின மிளகாயெண்டு ஒரு கதை போனாக் காணும், முதலாளி என்னையும் அனுப்பிடுவார்."

கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி நடந்தார். முழுதாகச் சுகமானால் உதவிப்பணம் நின்றுவிடும். சுகமாகிவிட்டேன் என்றாலோ யாரும் வேலை தரப்போவதில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் தாயும் மகளும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவார்கள். ஆகஸ்டில் ஒரு செவ்வாய், றெஜினா முழந்தாளில் இருந்து எழும்பவே இல்லை. சனம் கலைந்த பிறகும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வரும் வழியில் தாய் கேட்டார்: "அப்பிடி என்ன கேட்டனி?"

"சொல்ல மாட்டன்."

வீட்டுக்கு வந்து, சோறு போட்டு, ஒரு வாய் சாப்பிட்ட பிறகு அவளாகவே சொன்னாள். சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அம்மா சாகவும் கூடாது, சுகமாகவும் கூடாது எண்டு கேட்டனான்."

சொல்லிவிட்டு விக்கி அழத் தொடங்கினாள். அவளுக்குப் பதினைந்து வயது. அடுத்த வருடம் ஓ.எல். பொதுப் பரீட்சை. சோதனைக்குக் கட்டும் காசு, டியூசன், சப்பாத்து, எல்லாவற்றையும் அவளும் மனதுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"எனக்கு அவளை ஏச வாய் வரேல்ல தம்பி" என்றார் றஞ்சிதமக்கா என்னிடம், இடியப்ப உரலைப் பிழிவதை நிறுத்திவிட்டு. "பக்கத்தில முழந்தாளில இருந்து நானும் அதைத்தானே கேட்டனான். அவளைப் போல நேராக் கேக்க எனக்குத் தைரியம் இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."

இனிப் பேச்சியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தின் கடைசி அறையில் தனியாக இருந்தவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மலையகத்தில் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். மலையகத்தவரை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த எழுபதுகளில் அவருடைய கணவர் அழகருக்கு இந்தியப் பாஸ்போட் கிடைத்தது. மனைவியின் பெயர் பட்டியலில் விடுபட்டிருந்தது. போய் எடுப்பிக்கிறேன் என்று கப்பலேறிய அழகரிடமிருந்து இரண்டு கடிதம்தான் வந்தது. பேச்சியம்மா கொழும்புக்கு இறங்கி, புறக்கோட்டையில் கிழிந்த சாக்குத் தைத்துப் பிழைத்தார். இந்த நாட்டுக்காரி என்பதற்கும் கடதாசி இல்லை, அந்த நாட்டுக்காரி என்பதற்கும் இல்லை. அதனால் அடையாள அட்டை கிடையாது. ஒன்றரை வருடமாக அவரும் இருமிக்கொண்டிருந்தார். ஒரு தடவை உதவிப்பணம் கேட்டு ஒஸ்வால்டிடம் போயிருக்கிறார். அட்டை எங்கே, குடும்பப் பட்டியலில் பெயர் எங்கே என்று கேட்டபோது திரும்பி நடந்துவிட்டார். அட்டை இல்லாத ஆளுக்கு அரசாங்க வாசல் எதுவும் திறக்காது என்று அன்று முடிவு கட்டியவர், கிளினிக் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஐந்தாம் மாதச் சோதனைக்கு மிஸி ஒரு சின்ன மூடிபோட்ட டப்பாவைக் கொடுத்துவிட்டார். விடிய எழும்பியவுடன் வருகிற சளியை அதில் எடுத்து வர வேண்டும். அதைக் கையில் வைத்தபடி றஞ்சிதமக்கா பைப்படியில் நின்றார். பேச்சியம்மா வாளியோடு வந்தார்.

"என்னா புள்ள, டப்பாவ வச்சுக்கிட்டு மலைச்சுப் போயி நிக்கிற?"

றஞ்சிதமக்கா ஒளிக்காமல் சொன்னார். இதில் கிருமி இல்லையென்றால் அடுத்த மாதத்தோடு எல்லாம் நின்றுவிடும் என்றார்.

பேச்சியம்மா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, கடைசியில் மூச்சு வந்தது. "இதுக்கா இம்புட்டு ரோசனை? எங்கிட்ட கெடக்குது புள்ள, வேண்டிய மட்டும். நான் சும்மாதானே துப்புறேன். கொண்டா அத."

"வேணாம் அக்கா. அது பொய்."

"ஒன் புள்ள படிக்கணுமா வேணாமா?" பேச்சியம்மா டப்பாவை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் விடியற்காலை டப்பா றஞ்சிதமக்காவின் வாசற்படியில், மூடி இறுக்கி, ஒரு துண்டுத் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. பேச்சியம்மா கைமாறாக எதுவும் கேட்கவில்லை. றஞ்சிதமக்காதான் பால்மாவில் பாதியை ஒரு தகரப் பேணியில் போட்டு அனுப்பினார்.

முடிவு வந்த நாளில் நேசம் மிஸியின் முகம் விழுந்துவிட்டது. டொக்டர் பழைய துண்டையும் புதியதையும் மாறி மாறிப் பார்த்தார். கிருமி நிறைய இருக்கிறது, முதல் மருந்து கேட்கவில்லை என்றார். இனிப் புதிதாக எட்டு மாத வைத்தியம். முதல் இரண்டு மாதம் தினமும் ஊசி.

எட்டு மாதம் என்றதும் றஞ்சிதமக்காவின் நெஞ்சு லேசானது. ஊசி என்ற சொல் பிறகுதான் காதில் விழுந்தது. "போடட்டும் எண்டு நினைச்சன் தம்பி. எத்தினை பேர் எத்தினை பாரம் தூக்கி உழைக்கினம். நான் ஊசி வாங்கி உழைக்கிறன் எண்டு."

ஊசி தொடங்கி ஒரு கிழமையில் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளைப் புலிகள் தாக்கினார்கள். கறுப்புப் புகை நகரத்துக்கு மேலே நாட்கணக்கில் நின்றது. பிறகு வழக்கம்போலத் தமிழர் இருந்த இடங்களில் சுற்றிவளைப்பு. ஒரு காலை ஆமிக்காரர் தோட்டத்துக்குள் வந்து எல்லோரையும் அட்டையோடு வெளியே நிற்கச் சொன்னார்கள். பேச்சியம்மா வெளியே வரவில்லை. கடைசி அறையின் மூடிய கதவுக்குப் பின்னால் இருமல் கேட்டது. ஒரு சிப்பாய் அங்கே போனான்.

"எதுல கவுத?" உள்ளே யார் என்று சிங்களத்தில் கேட்டான்.

றஞ்சிதமக்கா ஓடிப்போய்க் கதவுக்கு முன்னால் நின்றார். தன்னுடைய கிளினிக் அட்டையை நீட்டினார். "டீபி லெடெக், மாத்தயா" என்றார். டீபிக்காரர், ஐயா.

சிப்பாய் இளம்பிள்ளை. அட்டையைத் தொடவே இல்லை. இரண்டு அடி பின்னால் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு, போ என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டான்.

அன்று பேச்சியம்மா கதவைத் திறந்து, றஞ்சிதமக்காவின் கன்னத்தை இரண்டு கையாலும் தடவினார். "எனக்கும் இந்த மாரி ஒரு கார்டு வாங்கிக் குடு புள்ள. நல்லா வேல செய்யிது" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்களாம்.

இருபதாவது ஊசிக்குப் பிறகு காதுக்குள் ஒரு இரைச்சல் தொடங்கியது; தூரத்தில் சீமெந்து ஆலை ஓடுவது போல, நிற்காத இரைச்சல். முப்பதாவது ஊசிக்குப் பிறகு நடந்தால் நிலம் சரிந்தது. பைப்படியில் இரண்டு தடவை விழுந்தார். மிஸியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊசியை நிறுத்தி வேறு சோதனைக்கு அனுப்புவார்கள் என்ற பயம்.

பேச்சியம்மா இப்போது சாக்குத் தைக்கப் போவதில்லை. பகல் முழுவதும் படுத்திருந்தார். றெஜினாதான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பாள்; பக்கத்தில் இருந்து பருக்கிவிட்டு வருவாள்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள் டொக்டர் றஞ்சிதமக்காவைக் கூப்பிட்டு இருத்தினார். நேசம் மிஸி பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார்.

"டொக்டர் கேக்கிறார், வீட்டில ஆரார் இருக்கிறது எண்டு. உங்கட சளியில இருந்தது சாதாரணமில்ல. அந்த அளவு கிருமியோட மருந்தில்லாமல் இருக்கிற ஆள் அடுத்த மழைக்கு இருக்க மாட்டார். இருக்கிற மட்டும் பக்கத்தில வாறவங்களுக்கெல்லாம் குடுப்பார். அதால மகளை நாளைக்கே கூட்டிக்கொண்டு வாங்க. எக்ஸ்ரே எடுக்கோணும்."

அவர்கள் றஞ்சிதமக்காவைப் பற்றிச் சொல்வதாக நினைத்துச் சொன்னார்கள். அந்தச் சளி எவருடையது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். கதவை மூடிக்கொண்டு படுத்திருக்கிற பேச்சியம்மாவும், கஞ்சிக் கோப்பையோடு அவருடைய பாயில் இருக்கிற றெஜினாவும் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள்.

கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தார். நிலம் சரிந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸி, அது என்ட சளியில்ல."

மிஸிக்கு விளங்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்: யோகநாதன் தனியாக வைத்த கிளாசிலிருந்து வாசற்படியில் இருந்த டப்பா வரைக்கும்.

டொக்டர் கோபத்தில் பேனையை மேசையில் எறிந்தார். சிங்களத்தில் அவர் ஏசியது பாதிதான் விளங்கியது. நாற்பத்தொரு ஊசி, சும்மா, நாற்பத்தொரு ஊசி என்று திரும்பத் திரும்பச் சொன்னது மட்டும் விளங்கியது. மிஸி ஏசவில்லை. கண்ணாடியைக் கழற்றி வெள்ளை உடுப்பின் நுனியில் நெடுநேரம் துடைத்தார்.

"அந்த மனுசி ஏன் இஞ்ச வரேல்ல?"

"அட்டை இல்ல மிஸி. அட்டை இல்லாத ஆக்களுக்கு மருந்து இல்லையே."

"ஆர் சொன்னது?" மிஸி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "மருந்துக்கு இஞ்ச ஆர் அட்டை கேட்டது? அட்டை கேக்கிறது உதவிச் சல்லிக்கு. மருந்து எவர் வந்தாலும் குடுக்கிறது. அதைப் போய்ச் சொல்ல இந்தக் கொழும்பில ஒரு ஆள் இல்லாமப் போச்சே!"

அன்று வேலை முடிந்ததும் நேசம் மிஸி உடுப்பு மாற்றவில்லை. வெள்ளைச் சீருடையோடேயே றஞ்சிதமக்காவோடு தோட்டத்துக்கு வந்தார். பேச்சியம்மா வர மறுத்தார். வழியில் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று சுவரோடு ஒதுங்கினார்.

"என்ட கையைப் பிடியுங்க அம்மா. மிஸிமாரை ஒருத்தரும் மறிக்கிறதில்ல."

ஒரு பக்கம் மிஸி, மறு பக்கம் நிலம் சரியச் சரிய நடந்த றஞ்சிதமக்கா. நடுவில் பேச்சியம்மா, எலும்பும் சேலையுமாக. சந்திக் காவலரணில் நின்றவர்கள் மிஸியைப் பார்த்துத் தலையசைத்து வழி விட்டார்கள். அன்றிரவே பேச்சியம்மாவை நகரத்துக்கு வெளியே உள்ள சயரோக ஆசுப்பத்திரிக்கு அம்புலன்ஸில் அனுப்பினார்கள். ஏற்றும்போது அவர் முப்பத்தொரு கிலோ. றஞ்சிதமக்காவின் கையை விடாமல், "ஒன் காசு போச்சே புள்ள, ஒன் காசு போச்சே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

றெஜினாவின் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஆறு மாதம் கழித்து இன்னொரு தரம் எடுத்தார்கள். அதிலும் இல்லை.

காசு போனது உண்மைதான். றஞ்சிதமக்கா தானே கந்தோருக்குப் போய் ஒஸ்வால்டிடம் சொன்னார். எடுத்ததைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், பொலிசுக்கும் போகலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போனார். ஒஸ்வால்ட் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"எந்தத் தேதியில இருந்து சுகம் எண்டு எழுத?"

"எனக்குத் தெரியாது சேர்."

"இண்டைக்கு எண்டு எழுதுறன்" என்றார். எழுதி முடித்துக் கடதாசியை ஊதினார். "அஞ்சு வருசத்துக்கு முன்னம் நான் உங்களுக்கு ஏதும் எழுதியிருக்கலாமெண்டா எழுதியிருப்பன் அக்கா. இந்தப் போமில அதுக்கு ஒரு கட்டம் இல்ல." பேச்சியம்மாவுக்காகவும் இரண்டு தடவை மேலிடத்துக்கு எழுதிப் பார்த்திருக்கிறார். அட்டை இலக்கம் குறிப்பிடவும் என்று இரண்டு தடவையும் திரும்பி வந்தது.

ஜனவரியில் கொழும்புக் கோட்டைப் பகுதியில் பெரிய குண்டு வெடித்தது. புறக்கோட்டை வியாபாரம் பல நாள் படுத்துவிட்டது. அந்த மாதங்களைத் தாயும் மகளும் உறை ஒட்டி ஓட்டினார்கள். இப்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஒட்டலாம், யாருக்கும் மணக்கலாம் என்று றெஜினா சொல்லிச் சிரித்தாளாம். தலைச்சுற்று மெல்ல மெல்லக் குறைந்தது. இரைச்சல் ஒரு நாள் நின்றது; நின்றபோது வலது காதில் மற்றச் சத்தங்களும் இல்லை.

மார்ச்சில் பேச்சியம்மாவை வீட்டுக்கு விட்டார்கள். முப்பத்தெட்டு கிலோ. அவருடைய அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதால் நேரே றஞ்சிதமக்காவின் அறைக்கு வந்தார். தினமும் கிளினிக்குக்குப் போய் மிஸிக்கு முன்னால் குளிசை விழுங்கினார். றெஜினாவின் ரேடியோச் சத்தத்துக்கு அவளோடு தினம் ஒரு சண்டை. ஒரு பாயில் மூன்று பேர் படுத்தார்கள். அந்த வருடக் கடைசியில் றெஜினா ஓ.எல். எழுதினாள், எட்டுப் பாடத்தில் ஆறு பாஸ். நான் வெள்ளவத்தையில் இருந்தபோது அவள் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தாள்.

எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு றஞ்சிதமக்கா சமைக்க வந்தது 1996 ஜூனில். தோட்டத்தில் டீபிக்காரியிடம் எவரும் இடியப்பம் வாங்க மாட்டார்கள். தன்னைத் தெரியாத இடமாகத் தேடி அவர் கொழும்பின் மறுமுனைக்கு வந்திருந்தார். வீட்டுக்காரர் சவுந்தரநாயகம், ஓய்வுபெற்ற ரெயில்வே உத்தியோகத்தர், எதையும் தீர விசாரிக்கிறவர். என்ன சமைக்கத் தெரியும், எத்தனை மணிக்கு வரலாம் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாக, "வருத்தம் ஏதும் இருக்கோ?" என்றாராம்.

"வாய் திறக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது தம்பி" என்றார் றஞ்சிதமக்கா. "அவர் எனக்குக் காது கேக்கேல்லையாக்கும் எண்டு இன்னொருக்காச் சத்தமாக் கேட்டார். இல்லை ஐயா, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை எண்டு சொன்னன். அப்ப நாளைக்கே வாங்கோ எண்டார்."

அடுத்த நாள் காலை ஐந்தே காலுக்கு அவர் குசினியில் இருந்தார். பத்துப் பேருக்கு அறுபது இடியப்பம், சொதி, சம்பல்.